கொட்டகையில் நிற்கும் 1974 அம்பாசிடரை மறுபடி ரோட்டில் ஓட்ட முடியுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அப்பாவின் 1974 அம்பாசிடர் மார்க் 2 நிற்கிறது. ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) 2012இல் முடிந்துவிட்டது. 2015இல் அப்பா தவறிவிட்டார். ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 50 வயது தாண்டிய கார்களுக்கு வின்டேஜ் பதிவு வந்திருக்கிறதாமே, அதில் போட்டுவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமல் தப்பிக்கலாமா, ஒன்றும் செய்யாமல் விட்டால் அரசாங்கம் எடுத்துப்போய் உடைத்துவிடுமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: தங்கை கல்யாணத்துக்கும் வருஷம் ஒருமுறை குலதெய்வம் கோவிலுக்கும் அதில் போக வேண்டும். என் பதில் முழுவதும் அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறது. ஏனென்றால், காரை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் சட்டம் உங்களுக்கு எந்த வழியைத் திறக்கிறது என்று சொல்ல முடியும்.

நான் 31 ஆண்டுகள் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டெல்டாவிலும் கொங்குப் பக்கமும் பெரும்பாலான காலம் போனது. அம்பாசிடர், பத்மினி, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று புதுப்பிப்புக்கு வந்த பழைய கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இயந்திரக் கோளாறுக்காக நான் திருப்பி அனுப்பியவை அடுத்த வாரமோ அடுத்த மாதமோ சரியாகித் திரும்பி வந்தன. காகிதம் சரியில்லாமல் திருப்பி அனுப்பியவற்றில் பாதி திரும்பி வரவே இல்லை. அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வின்டேஜ் பதிவைப் பற்றி முதலில். மத்திய அரசு 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81-ஏ முதலான விதிகளைச் சேர்த்தது. முதல் பதிவு நடந்த நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, வாடகைக்கு ஓடாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு அது பொருந்தும். சேசிஸ் (அடிச்சட்டம்), பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதியும் வண்டிக்கு நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். இதில் ஆய்வே இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ, அது தவறு. மாநில அரசு அமைக்கும் குழு வண்டியை நேரில் பார்த்து, வின்டேஜ் என்று ஏற்கலாமா கூடாதா என்று முடிவு செய்யும். அதைவிட முக்கியமான ஒன்று: அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, பழைய கார் பேரணி, அவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். தங்கை கல்யாணம் அந்தப் பட்டியலில் இல்லை. குலதெய்வம் கோவிலும் இல்லை. ஆகவே உங்களுக்கு வேண்டியது வின்டேஜ் பதிவு அல்ல, சாதாரண ஆர்.சி. புதுப்பிப்பு. பெருமைக்காக வின்டேஜ் வாங்கிவிட்டு, பிறகு காரை வெளியே எடுக்கத் தயங்கி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனில் இதைக் கையாளும் விதத்தோடு ஒப்பிட்டால் நம் நாட்டுச் சட்டத்தின் குறை தெரியும். அங்கே 2018 மே 20 முதல், 40 வயது தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு ஆண்டு ஆய்விலிருந்து விலக்கு. ஆனாலும் அதைத் தினமும் ஓட்டலாம், வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கப் பார்த்துக்கொள்வது உரிமையாளர் பொறுப்பு. ஜெர்மனியில் 30 வயதுக்கு மேல், அசல் நிலையில் நன்றாகப் பராமரித்த கார் என்று நிபுணர் சான்று தந்தால் 'ஹெச்' எழுத்தில் முடியும் நம்பர் பிளேட் கிடைக்கும். அந்தப் பிளேட்டோடு அன்றாடமும் ஓட்டலாம். நம் நாட்டிலோ 15 வயதிலிருந்து 50 வயது வரை ஒரு கார் வெறும் 'பழைய வண்டி'. ஆசையாகப் பராமரித்த 1985 பத்மினியும், கவனிப்பாரற்ற 2005 காரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். 50ஐத் தாண்டி வின்டேஜ் என்று பதிந்தால் திடீரென்று காட்சிப் பொருளாகிவிடுகிறது. இடையில் ஒரு படி இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பணியில் இருந்தபோதும் இதையேதான் சொல்லிவந்தேன்.

அடுத்து உங்கள் பயம். டெல்லிச் செய்திகளைப் படித்துவிட்டுத்தான் பலரும் பதறுகிறார்கள். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014, 2015இல் தடை போட்டது, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2025இல் அதில் தளர்வும் திருத்தமும் வந்தன. அது டெல்லியும் அதைச் சுற்றியுள்ள தலைநகர்ப் பகுதியும் சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணம் காட்டி ஒரு சொந்தக் காரை ஓட்டக் கூடாது என்று சொல்லும் சட்டம் கிடையாது. இது உறுதி. ஆனால் அலட்சியமாக இருக்கவும் கூடாது. 2021 செப்டம்பரில் வந்த வாகன உடைப்பு நிலைய விதிகள், 'செல்லத்தக்க பதிவு இல்லாத வண்டி' என்பதையும் ஆயுள் முடிந்த வண்டி என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டன. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஆயுள் முடிந்த வாகனங்களுக்கான சுற்றுச்சூழல் விதிகள், அப்படிப்பட்ட வண்டியை 180 நாட்களுக்குள் உடைப்பு நிலையத்திலோ சேகரிப்பு மையத்திலோ ஒப்படைக்கும் பொறுப்பை உரிமையாளர் மேல் வைக்கின்றன. வீட்டுக் கொட்டகைக்குள் வந்து காரை இழுத்துப்போனதாக நான் கேள்விப்பட்டதில்லை, அப்படி நடக்கும் என்றும் நினைக்கவில்லை. ஆனாலும் காலாவதியான ஆர்.சி.யோடு ஆண்டுக்கணக்கில் நிற்க விடுவதுதான் இன்று உங்கள் காருக்கு இருக்கும் ஆபத்து. வயது அல்ல.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம். "அப்பா டீசல்தான் போடுவார் என்று அம்மா சொல்கிறார்" என்கிறீர்கள். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1974இல் அம்பாசிடர் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினோடு மட்டுமே வந்தது. தொழிற்சாலையிலேயே டீசல் இன்ஜின் வைத்து வந்தது எழுபதுகளின் கடைசியில்தான். ஆகவே உங்கள் காரில் யாரோ இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெட்ரோல் விலைக்குப் பயந்து மெட்டடார் வேனின் டீசல் இன்ஜினைத் தூக்கி அம்பாசிடரில் வைப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் சர்வசாதாரணம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அன்றைக்கு முறையாக விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. ஏற்றாமல் விட்டவர்கள்தான் அதிகம். ஆகையால் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து எரிபொருள் என்ற இடத்தில் என்ன இருக்கிறது, இன்ஜின் எண் என்ன என்று பாருங்கள். பிறகு பானெட்டைத் திறந்து இன்ஜினில் இருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஆர்.சி.யிலும் டீசல் என்று ஏற்றி எண்ணும் ஒத்துப்போனால் புதுப்பிப்பில் சிக்கல் இல்லை. ஒத்துப்போகாவிட்டால் அப்படியே கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதைக் கறாராகப் பின்பற்ற வேண்டும் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அன்று கண்ணை மூடிக்கொண்டது போல இன்று எந்த ஆய்வாளரும் மூட முடியாது.

அப்படி ஒத்துப்போகவில்லை என்றால் கொட்டகையின் மூலை, மாட்டுத் தொழுவம், பழைய மெக்கானிக்கின் பட்டறை எல்லாவற்றையும் தேடுங்கள். இறக்கிய பெட்ரோல் இன்ஜினை விற்க மனமில்லாமல் சாக்கு போட்டு மூடி வைத்திருப்பது அந்தக் காலத்து வழக்கம். ஒரு முறை மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டில் நெல் குதிருக்குப் பின்னால் இருந்து அப்படி ஒன்று கிடைத்தது, எண் ஆர்.சி.யோடு அச்சாகப் பொருந்தியது. அது கிடைத்துவிட்டால் அதைச் சரிபார்த்து மறுபடி பொருத்துவதுதான் சிறந்த வழி. கிடைக்காவிட்டால் அதே கம்பெனியின் அதே வகைப் பெட்ரோல் இன்ஜினைப் பில்லோடு வாங்குங்கள். பொருத்துவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி பெறுங்கள். பில் இல்லாத இன்ஜின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அது திருட்டு வண்டியில் இருந்து வந்திருந்தால் உங்கள் அப்பாவின் காரும் சேர்ந்து போலீஸ் நிலைய வாசலில் துருப்பிடிக்கும்.

இனி காகிதம். ஆர்.சி. அப்பா பெயரில் இருக்கும்வரை புதுப்பிப்புக்கு நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தங்கையும் தரும் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். சட்டப்படி உரிமையாளர் இறந்த மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டியது. தாமதத்துக்குத் தண்டம் கட்டலாம், அதற்காக விண்ணப்பத்தை நிராகரிக்க மாட்டார்கள். ஆர்.சி.யின் உள்பக்கத்தில் ஏதாவது வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று கூர்ந்து பாருங்கள். 1974இல் கடனில் வாங்கிய கார் என்றால், கடன் எப்போதோ அடைந்திருந்தாலும் அந்தக் குறிப்பு நீக்கப்படாமலே இருக்கலாம். அதை நீக்கப் படிவம் 35 வேண்டும், அதில் கடன் கொடுத்தவர் கையெழுத்து வேண்டும். நிறுவனமே இன்று இல்லை என்றால் எந்த வங்கியோடு இணைந்தது என்று கண்டுபிடித்து அங்கே போக வேண்டும். இந்த ஒரு கையெழுத்துக்காக இரண்டு ஆண்டுகள் அலைந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, பலர் வழுக்கி விழும் இடம். உங்கள் வண்டி 1989 ஜூலை 1க்கு முந்தையது. டி.என். என்று தொடங்கி மாவட்ட எண் வரும் இன்றைய முறை அன்றுதான் வந்தது. அதற்கு முன் மூன்று ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும்தான். அந்த எண்களின் கணக்கு கைப்பிரதிப் பதிவேட்டில் இருந்தது. எல்லாம் 'வாகன்' கணினித் தளத்துக்கு ஏறவில்லை. மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு வண்டி வருகிறதா என்று இன்றே பாருங்கள். வராவிட்டால் மூலப் பதிவேடு இருக்கும் அலுவலகத்தில் விண்ணப்பித்து 'பேக்லாக் என்ட்ரி', அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றும் வேலையை, செய்யச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவு ஏறும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து சேசிஸ் எண்ணை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரே ஓர் எண் மாறி ஏறியதால் தன் காருக்குத் தானே சொந்தக்காரன் என்று நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்தவர் என்னிடமே வந்திருக்கிறார். சேசிஸ் எண் துருவில் மங்கியிருந்தால் பட்டறையில் சொல்லி மேலே புதிதாகப் பஞ்ச் அடித்துவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பார்ப்பவருக்கு அது திருட்டு வண்டியாகத்தான் தெரியும். மெதுவாகச் சுத்தம் செய்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் எண் தெளிந்துவிடும்.

ஆய்வு நாளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 1974 கார் 1974 கார் போல இருந்தால் போதும். முன் சீட் பெல்ட் கட்டாயமானது 1994இல்தான், அதற்கு முன் பெல்ட் இல்லாமல் வந்த காரில் இல்லை என்பது குறையாகாது. புகைச் சோதனையிலும் அப்படியே. பாரத் ஸ்டேஜ் 2 என்ற புகை அளவு விதிக்கு முந்தைய பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். வரை இருக்கலாம். பாரத் ஸ்டேஜ் 3 காருக்கு இந்த அளவு முறையே 0.5 சதவீதமும் 750 பி.பி.எம்.மும். கார்புரேட்டரை ஒழுங்காக ட்யூன் செய்த அம்பாசிடர் 3 சதவீதத்துக்குள் தாராளமாக நிற்கும். ஆய்வாளர் உண்மையில் பார்ப்பது பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், ஹாரன், வைப்பர், கண்ணாடி, ஸ்பீடாமீட்டர், சைலன்சர், டயர் ஆகியவைதான். 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் 13 மீட்டருக்குள் நிற்க வேண்டும். ஸ்டியரிங்கில் ப்ளே, அதாவது சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா ஆடும் அளவு, 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. டயர் பட்டை ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உங்கள் டயர்களில் பட்டை நிறைய இருக்கலாம், ஆனால் இத்தனை ஆண்டு ஒரே இடத்தில் நின்றவை பக்கவாட்டில் வெடித்திருக்கும். அவற்றில் ஓட்டவே ஓட்டாதீர்கள். பழைய அம்பாசிடரின் 5.90-15 அளவு டயர் எல்லாக் கடையிலும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பிரேக்குக்கு எவ்வளவு செலவானாலும் தயங்காதீர்கள். உங்கள் காரில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி, வீல் சிலிண்டருக்குள் துரு கட்டி, ரப்பர் கப் உப்பிப் போயிருக்கும். ஒரு சக்கரம் பிடித்து இன்னொன்று பிடிக்காமல் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், ஆய்வுத் திடலில் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் கோளாறு அது. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீலின் சிலிண்டர்கள், ஹோஸ், லைனிங் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களும் அப்படித்தான். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பரை அது இளக்கிக் கசிய வைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்கள்.

துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெரால்டு காருக்குத் தனி சேசிஸ் உண்டு, பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அம்பாசிடருக்கு அப்படி இல்லை, பாடியே எலும்புக்கூடு. கதவுக்குக் கீழே ஓடும் பட்டையும் தரையும் இற்றுப்போனால் வண்டியின் பலமே போய்விட்டது என்று பொருள். டிங்கர் வேலைக்கு விடும்போது "பட்டி பூசி மறைத்துவிடு" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். சுத்தியலால் தட்டினால் சத்தத்திலேயே தெரியும், நான் அப்படித்தான் கண்டுபிடிப்பேன். இற்ற தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பெயின்ட் கடைசி வேலை. நிறம் ஆர்.சி.யில் உள்ளதாகவே இருக்கட்டும். பலர் முதலில் பளபளவென்று பெயின்ட் அடித்துவிட்டுப் பிறகு காகிதத்தைத் தேடுகிறார்கள். பணமும் உற்சாகமும் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

கட்டணம் ஏறியிருக்கிறது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 1க்கு முன் 600 ரூபாயாக இருந்த காரின் ஆர்.சி. புதுப்பிப்புக் கட்டணம் அன்று 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று ஒரு கணக்கும் இருக்கிறது. பசுமை வரி தனி. பெயர் மாற்றம் முடிந்து படிவம் 25இல் விண்ணப்பிக்கும்போது பரிவாஹன் தளமே மொத்தத் தொகையைக் காட்டும், இடைத்தரகர் வாய்க்கணக்கு சொன்னால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுப்பித்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். மூன்றாம் நபர் காப்பீடும் புகைச் சான்றும் கையில் இருக்க வேண்டும். ஆய்வுக்குக் கொண்டுபோகும் அன்று காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ வண்டியில் ஏற்றிப்போங்கள். பதிவு செல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டினால் முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம், விபத்து ஒன்று நடந்துவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கும்.

இங்கே உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல முடியாதவை இரண்டு. தரைத்தகடு எவ்வளவு இற்றிருக்கிறது என்பதைக் காரைத் தூக்கி அடியில் பார்த்த டிங்கர்தான் சொல்ல முடியும், செலவு ஐம்பதாயிரமா மூன்று லட்சமா என்பது அதில்தான் இருக்கிறது. இன்ஜின் விஷயத்தில் உங்கள் அலுவலக ஆய்வாளர் எந்த அளவுக்கு இறங்கி வருவார் என்பதும் அவர் முன் நின்று பேசினால்தான் தெரியும். எழுதிக்கொடுத்து, ரசீது வாங்கி, மரியாதையாகக் கேட்டவர்களுக்கு வழி சொல்லித்தான் அனுப்பினோம் என்பதை மட்டும் என் அனுபவத்திலிருந்து சொல்வேன்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை ஆர்.சி. புத்தகத்தையும் ஒரு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போங்கள். எரிபொருள், இன்ஜின் எண், நிதி நிறுவனத்தின் பெயர் மூன்றையும் பாருங்கள். எண்ணை இங்கே போட வேண்டாம், ஒத்துப்போகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.